அறுபத்திரண்டு கிலோ

அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, இரண்டு பக்கம். எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

"மதிப்புக்குரிய மாஸ்டர் அவர்களுக்கு. நீங்கள் சொன்னபடி இன்னும் பத்து அடி வைத்துப் பார்த்தேன். ஏழாவது அடியில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்கிறார் டாக்டர். மூன்று வாரமாகப் படுக்கை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் புத்தகத்தின் கடைசியில் உள்ள பட்டியலில் என் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. இருநூற்றுப் பதினேழாவது பெயர். அவர் கணவாய் முழுக்கச் சுமந்ததை என்னால் ஒரு தெருகூடச் சுமக்க முடியவில்லை. அவர் உடம்பு எனக்கு வரவில்லை. மன்னிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுந்து மறுபடி முயல்கிறேன்."

மன்னிக்க வேண்டும் என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

மாஸ்டருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஆவணங்களைப் படம் எடுப்பது, அளவுகளை மாற்றுவது, மெய்ப்பு பார்ப்பது, அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவது, இவையும் என் வேலைதான். விலங்கியல் படித்தேன். பேச வராது என்பதால் பாடம் நடத்தும் வேலைக்குப் போகவில்லை. மாஸ்டரிடம்கூட நான் சொல்ல வேண்டியதைச் சின்னச் சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிடுவேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் 'சீட்டு'.

"சீட்டு, நாலு வருஷமா இங்க இருக்க. உன் குரல் எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" என்பார்.

மாஸ்டர் பதினான்கு வருடம் ஓர் உடற்பயிற்சிப் பத்திரிகையில் எழுதினார். 'ஆறே வாரத்தில்' என்பது அவருடைய தொடர். ஒவ்வொரு இதழிலும் ஒருவர் வருவார். வங்கி ஊழியர், வயது நாற்பத்திரண்டு. இரண்டு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்தைந்து. எல்லோரும் ஆறு வாரத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்தார்கள். அந்த ஆட்கள் யாரும் கிடையாது. பலரிடம் கேட்டதை ஒருவர் தலையில் கட்டி எழுதுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். அவர் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. "படிக்கிறவன் எழுந்து நடந்தானா இல்லையா? அதான் கணக்கு" என்பார்.

பத்திரிகை மூடப்பட்டது. வேலையில்லாமல் இருந்த மாதங்களில், பழைய காலத்துப் படைவீரர்கள் நாளுக்கு எத்தனை மைல் நடந்தார்கள், அவர்களுடைய பாதங்கள் என்ன ஆயின என்று ஒரு கட்டுரை எழுதினார். பதிப்பாளர் ஒருவர் அதைப் புத்தகமாகக் கேட்டார். அடுத்தது துடுப்பு வலித்தவர்களின் தோள்கள். பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். வாசகர்கள் வாங்கினார்கள். உண்மையிலேயே அவர் எழுதினால் படிக்கிறவரின் முழங்கால் வலிக்கும். வேறு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் எனக்கு முழங்கால் வலித்ததில்லை.

மூன்றாவது புத்தகம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்னால், மலைக்கு அப்பால் இருந்த சுரங்கத்துக்குக் கணவாய் வழியே உப்பு சுமந்தவர்களைப் பற்றியது. அட்டையின் பின்பக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே மூன்று வரிதான்: அறுபத்திரண்டு கிலோ. இருபத்தெட்டு கிலோமீட்டர். ஒரே ஒரு மனிதன்.

அந்த அறுபத்திரண்டு என்னுடையது.

ஆவணக் காப்பகத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து அந்தப் பதிவேட்டைப் படம் எடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு பெயர், தேதி, சுமை, நாளுக்குக் கொடுத்த மாவு, பிறகு பெருவிரல் ரேகைகள் இரண்டு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். சுமை பவுண்டில் இருந்தது, பெரும்பாலும் நூற்று முப்பத்தாறு. கிலோவாக மாற்றினேன். மலையேற்றத்துக்கு வேண்டிய சக்தியைக் கணக்குப் போட்டேன். ஒத்துவரவில்லை. மாவும் ஒத்துவரவில்லை. ஓர் ஆள் ஒரு நாளில் இரண்டு கிலோ மாவு சாப்பிட முடியாது. சீட்டு எழுதி வைத்தேன்: 'இந்த எடை அதிகமாகத் தெரிகிறது. மாவும் அதிகம்.'

மாஸ்டர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்து உடம்பு. நம்ம உடம்ப வச்சு அளக்காத" என்றார். மறுநாள் 'அவர்கள் நாளுக்கு இரண்டு கிலோ மாவு உண்டார்கள்' என்று தொடங்கி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டார். நல்ல அத்தியாயம்.

முதல் பதிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, அலங்காரத்துக்காகப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அச்சிடச் சொன்னார்கள். திரையில் பெரிதாக்கினேன். முதல் ரேகையின் அமைப்பு சுழல். இரண்டாவது வளையம். நான் அதுவரை, புறப்படும்போது ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஆனால் பத்தியின் தலைப்பில் 'இடது பெருவிரல்' என்று அச்சடித்திருந்தது. ஒருவருடைய இடது பெருவிரல், போய்த் திரும்பும் ஐந்து நாளில் சுழலிலிருந்து வளையமாக மாறாது. இது கல்லூரி முதலாண்டிலேயே படித்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். நான் படம் எடுக்காமல் விட்ட ஒரே பக்கம், அட்டையின் உள்பக்கம். அதில் விதிகள் இருந்தன. மூன்றாவது விதி: ஒரு சுமைக்கு ஆட்கள் இருவர், தண்டில் மாட்டித் தூக்க வேண்டும், பொறுப்பாளி பெயர் மட்டும் எழுதப்படும், ரேகை இருவருடையதும் பெறப்படும்.

ஆளுக்கு முப்பத்தொன்று.

சீட்டு எழுதினேன். அந்த ஒன்றை மட்டும் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

மாஸ்டர் அதைப் படித்துவிட்டு மடித்து இழுப்பறையில் வைத்தார். "அடுத்த பதிப்புல மாத்திடலாம்" என்றார். அடுத்த பதிப்பு நான்கு மாதத்தில் வந்தது. கோப்பை நான்தான் அனுப்பினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்படி ஏழு பதிப்புகள் போயின.

அதற்குள் அவருடைய பழைய பத்திரிகை வாசகர்கள் 'அறுபத்திரண்டு சவால்' என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, எத்தனை அடி என்று எழுதி அனுப்புவது. பதிப்பாளர் சந்தோஷத்தில் குதித்தார். கடிதங்கள் குவிந்தன. நான் பத்திரிகைக் காலத்துப் பதில் மாதிரிகளை எடுத்தேன். முடியவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு மூன்றாம் எண் மாதிரி: 'உடம்பு சீக்கிரம் சொல்லிவிடும் முடியாதென்று. அதை நம்பாதீர்கள். இன்னும் பத்து அடி.' கீழே மாஸ்டரின் கையெழுத்து. அதையும் நான்தான் போடுவேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் கடிதம் இரண்டு மாதத்துக்கு முன் வந்தது. கோப்பில் தேடி எடுத்தேன். 'நூறு அடி போனேன், பிறகு கண் இருட்டியது' என்று எழுதியிருந்தார். ஓரத்தில் என் எழுத்தில் '3' என்று இருந்தது. அந்த '3'-ஐ எழுதும்போது எனக்கு முப்பத்தொன்று தெரியும்.

மாஸ்டரின் வீட்டு முன்னறைதான் எங்கள் அலுவலகம். அங்கே ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் உண்டு. அதன் மேல் அடுக்கிய புத்தகங்கள் கைப்பிடி வரை வந்துவிட்டன. கடிதத்தை அவர் முன் வைத்தேன். சீட்டு எதுவும் வைக்கவில்லை. அங்கேயே நின்றேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாம் நம்பரா?"

தலையசைத்தேன்.

"நல்லா இருக்கீங்களா, ஓய்வெடுங்கன்னு ஒண்ணு எழுது. ஒரு புத்தகம் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்."

"அந்தப் புத்தகமா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயால் கேள்வி கேட்டது அவருக்குப் புதிது.

"எட்டாவது பதிப்புக் கோப்பு சனிக்கிழமை சாயங்காலம் போகணும். அட்டை வடிவமைப்பு முடிஞ்சுபோச்சு. இப்ப போய் முப்பத்தொண்ணுன்னா? ஒரு பள்ளிக்கூடப் பை மாதிரி ஆயிடும், சீட்டு. யாரு படிப்பா?"

"முப்பத்தொண்ணும் கனம்தான் மாஸ்டர்."

"உனக்குத் தெரியுமா? தூக்கியிருக்கியா?"

இல்லை. அவரும் தூக்கியதில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் அவர் மூட்டை சுமந்து நிற்கும் படம் இருக்கிறது. அந்த மூட்டைக்குள் பழைய சோபாவின் பஞ்சை அடைத்தவள் நான். 'கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க சார், கனமா தெரியல' என்று படம் எடுத்தவர் மூன்று முறை சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மறுபடி தூக்கப்போறாராம்" என்றேன்.

"போன் பண்ணு."

"நம்பர் இல்ல. முகவரிதான் இருக்கு. நேர்ல போறேன்."

"நீயா?" அவர் குரலில் கேலி இல்லை. பயம் மாதிரி ஒன்று இருந்தது. "என்னால வர முடியாதும்மா. என்னப் பாத்தா அவர் எழுந்து நிக்கப் பாப்பாரு. கேட்டா, மாஸ்டருக்கு முதுகு வலின்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் போனேன். நான்கு மாடிக் கட்டடம். அவர் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. ஐம்பத்திரண்டு படிகள். எண்ணியதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போகலாமா என்று தோன்றியதுதான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "யாரு?" என்றார்.

"மாஸ்டர் ஆபீஸ்லேர்ந்து வரேன்."

"ஏங்க! உங்க மாஸ்டர் ஆள் அனுப்பியிருக்காரு!" என்று உள்ளே கத்தினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "வாம்மா. வந்து அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி சொல்லு. நான் சொன்னா காதுல ஏறாது. கட்டினவ பேச்சுக்கு என்ன மதிப்பு?" என்றார்.

மெக்கானிக் தரையில் போட்ட மெத்தையில் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"ஐயோ, படுங்கண்ணா."

"மாஸ்டர் நல்லா இருக்காரா? லெட்டர் கெடச்சுதா? நாளைக்கு எப்படியும் எழுந்துடுவேன்னு சொல்லுங்க மேடம். மாவுகூட சரியா சாப்பிட்டேன், புத்தகத்துல போட்ட மாதிரி."

"ஒரு வாரம் ரெண்டு ரெண்டு கிலோ பெசஞ்சு என் மணிக்கட்டு போச்சு" என்றார் மனைவி. "தின்னுட்டு வயித்தப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. கேட்டா வரலாறாம்."

அறை மூலையில் மூட்டை இருந்தது. காக்கித் துணி, வாயில் இரட்டை முடிச்சு. மேலே மார்க்கரில் 62.

நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. பையிலிருந்து படத்தை எடுத்தேன். இருநூற்றுப் பதினேழாவது வரி. பெரிதாக்கி அச்சிட்டிருந்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதைக் கொடுத்தேன்.

"இது உங்க கொள்ளுத்தாத்தா பேர். பக்கத்துல ரெண்டு ரேகை இருக்கு பாருங்க. ரெண்டும் ஒருத்தரோடது இல்ல. ஒரு மூட்டைய ரெண்டு பேர் தூக்கியிருக்காங்கண்ணா. தண்டு போட்டு. ஆளுக்கு முப்பத்தொண்ணு. மாவும் ரெண்டு பேருக்கு. புத்தகத்துல இருக்கறது தப்பு."

அவர் படத்தையே பார்த்தார். மனைவிதான் முதலில் பேசினார்.

"ரெண்டு பேரா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேர் தூக்கினத இவரு ஒத்தையா தூக்கிட்டுத் தெருவுல நடந்தாரா? ஊரே வேடிக்க பாத்துச்சேம்மா!"

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர். பிறகு என்னிடம், "இது எப்பத் தெரியும்?"

"முதல் பதிப்பு வந்து ரெண்டு மாசத்துல."

"இப்ப எத்தனாவது?"

"ஏழு."

படத்தை இறக்கிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"லிஃப்டுக்குள்ள ஒரு தகடு இருக்கும், பாத்திருப்பீங்க. ஆறு பேர், நானூத்தெட்டு கிலோ. அதுக்கு மேலயும் தாங்கும், மேடம். நல்லாவே தாங்கும். ஆனா எழுத மாட்டோம். எங்க வேலையில எழுதற நம்பர் கம்மியா இருக்கணும். நம்பி ஏறுறாங்க இல்ல?" அவர் குரல் உயரவில்லை. "உங்க வேலையில கூடுதலா இருக்கணும் போல."

நான் தரையைப் பார்த்தேன். ஓடுகளுக்கு நடுவே மணல் துகள்கள் கிடந்தன.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்த ரெண்டாவது ரேகை சின்னதா இருக்கே. இது யாரு?"

"தெரியலண்ணா."

"பொம்பளையா இருக்குமோ? கொள்ளுப்பாட்டியா?"

"இருக்கலாம். தம்பியாக்கூட இருக்கலாம். பேர் எழுதல."

"யார் எழுதல?"

"அந்தக் காலத்துல கணக்கெழுதினவங்க." நிறுத்தினேன். "அப்புறம் நானும்."

அதுவரை நான் எடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணை இரட்டிப்பாக்கிவிட்டேன், அவ்வளவுதான் என்று. புத்தகத்தின் கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களை வரிசையாகப் போட்டு, 'கணவாயைக் கடந்தவர்கள் இவர்கள் மட்டுமே' என்று தலைப்புக் கொடுத்தது நான். அந்த 'மட்டுமே' தேவையே இல்லை. வரி நிறையாமல் அசிங்கமாகத் தெரிகிறது என்று சேர்த்தேன்.

"சரி" என்றார் அவர். படத்தை நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி என் தோளைத் தட்டினார். "எழுந்திரும்மா. இந்தப் பக்கம் பிடி. மனசு மாறுறதுக்குள்ள இத வீட்ட விட்டுக் கடத்திடுவோம். கீழ கட்டட வேலை நடக்குது, மணல் வேணும்னா எடுத்துக்கட்டும்."

ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். தூக்கியதும் துணி விரல்களுக்குள் இறங்கியது. வாசலைத் தாண்டுவதற்குள் முன்கை நடுங்கியது.

"ஒண்ணா கால் வைக்கணும். நீ இழுக்காத, நான் தள்ள மாட்டேன். ம், ஒண்ணு."

பத்தாவது படியில் இடுப்பு எரிந்தது. முதல் திருப்பத்தில் இறக்கி வைத்தோம்.

"இதுல பாதிதான என் கையில இருக்கு?" என்றார் மூச்சு வாங்க. "இதத்தான் அந்தக் காலத்துல மலை மேல தூக்கிட்டுப் போனாங்களா?"

"ஆமாக்கா."

"இது போதாதாம்மா எழுதறதுக்கு?"

நான் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

"உங்க மாஸ்டர் எவ்ளோ தூக்குவாரு? படத்துல சும்மா பூ மாதிரி நிக்கிறாரே."

"அதுக்குள்ள பஞ்சு. சோபா பஞ்சு. நான்தான் அடச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்னடி அங்க சத்தம்?" மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல, நீங்க படுங்க!" பிறகு மெதுவாக, "இத அவர்ட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாரு. அந்தப் படத்த அலமாரியில ஒட்டி வச்சிருக்காரு" என்றார். சிரிப்பு நின்றிருந்தது.

மறுபடி தூக்கினோம். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது என் பைக்குள் போன் அடித்தது. எடுக்க முடியாது. நின்று, மறுபடி அடித்தது. கீழே மணல் குவியலுக்குப் பக்கத்தில் மூட்டையைப் போட்ட பிறகு எடுத்தேன். விரல்கள் மடங்கவில்லை.

"கோப்பு அனுப்பிட்டியா?" என்றார் மாஸ்டர். "அச்சகத்துலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டான்."

"இல்ல மாஸ்டர். மாத்தி அனுப்பப்போறேன். முப்பத்தொண்ணு. ரெண்டு பேர். மாவு அத்தியாயத்த எடுத்துடறேன். ஏழு பதிப்புலயும் தப்பு இருந்துச்சுன்னு முன்னாடி ஒரு பக்கம் போடணும். வேண்டாம்னா சொல்லுங்க. அப்ப வேற யாராவது அனுப்பட்டும்."

அந்தப் பக்கம் ஒரு புத்தகம் விழும் சத்தம் கேட்டது. அவர் நடைப்பயிற்சி இயந்திரத்தில் சாய்ந்திருக்க வேண்டும்.

"அட்டை?" என்றார் கடைசியில்.

"அட்டையும்."

"அந்தப் படம்?"

"அதுவும்."

நீளமாக மூச்சு விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எப்படி இருக்காரு?" என்றார்.

"படுத்திருக்காரு. நாளைக்குத் தூக்க மாட்டாரு."

"என் மேல கோவமா?"

"கோவப்படல."

"பத்து அடின்னு எழுதினது?" அவர் தயங்கினார். "நான்தான் எழுதினேன்னு இன்னும் நெனச்சிட்டு இருக்காரா?"

எண்ணைச் சொன்னேன். ரேகையைச் சொன்னேன். பஞ்சைக்கூடச் சொன்னேன். அந்த '3'-ஐச் சொல்லவில்லை. மறந்ததா, மறைத்ததா என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் சரியல்ல. மறைத்ததுதான்.

"என் பேர்லயே இருக்கட்டும் சீட்டு" என்றார் மாஸ்டர். "எனக்குப் பழக்கம்தான்."

போனை வைத்தேன். மெக்கானிக்கின் மனைவி முடிச்சை அவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். 62 என்று எழுதிய துணியை உதறி, நன்றாகத்தான் இருக்கிறது, தரை துடைக்க ஆகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"நீ கெளம்பும்மா, நேரமாச்சு" என்றார். "நல்ல பொண்ணு. இவ்ளோ தூரம் வந்து உண்மையச் சொன்ன."

"இன்னும் ஒண்ணு சொல்லணும்க்கா அவர்ட்ட" என்றேன்.

மாடியேறினேன். அதே ஐம்பத்திரண்டு படிகள். கையில் எதுவும் இல்லை. நடுவில் இரண்டு முறை நின்றேன்.